தண்ணீர் இறைக்கும்போது மட்டும் திணறும் ஆயில் என்ஜின்

மார்கழிப் பட்டத்தில் விதைத்த இறவை நிலக்கடலை பூத்து, விழுது இறங்கும் தறுவாயில் இருக்கிறது. இந்தப் பருவத்தில் மண்ணில் ஈரம் குறைந்தால் விழுது சரியாக இறங்காது. இறங்கினாலும் காய் திரளாது. கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊற்றெடுத்து நிரம்பி நிற்கிறது. ஆனால் 5 குதிரைத்திறன் ஆயில் என்ஜின் தகராறு செய்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் சீராக ஓடுகிறது. பெல்ட்டை மாட்டி ஓட்டி, பம்பு தண்ணீரைப் பிடித்ததும் கரும்புகை கக்குகிறது; வேகம் இறங்குகிறது; சூடேறுகிறது. அரை மணி நேரத்தில் நிறுத்த வேண்டியதாகிறது.

இந்த நிலையில் ஒரு சிறு விவசாயி என்ன செய்வார்? மெக்கானிக்கை அழைத்து வருவார். என்ஜின் பிரிக்கப்படும். பிஸ்டன் ரிங் மாற்றப்படும், நாசில் மாற்றப்படும். கைமாற்றாக வாங்கிய பணம் கரையும். நான்கைந்து நாள் பாசனமும் தவறும். திரும்பப் பூட்டி ஓட்டினால் பழைய கதையே தொடரும். நோய் ஓரிடத்தில் இருக்க, வைத்தியம் வேறிடத்தில் நடந்ததே இதற்குக் காரணம்.

என்ஜினைப் பிரிப்பதற்கு முன் விவசாயியே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனைகள் சில உண்டு. ஒரு ஸ்பானர் செட்டும், ஓர் அளவு நாடாவும், ஒரு மணி நேரப் பொறுமையும் இருந்தால் போதும்.

சுமையில்தான் குறை தெரியும்

பெல்ட் இல்லாமல் ஓடும் என்ஜினுக்குத் தன் உறுப்புகளைச் சுழற்றிக்கொள்ளும் அளவு சக்தி போதும். அதற்குச் சிறிதளவு டீசலும் சிறிதளவு காற்றும் போதும். பாதி அடைத்துக்கொண்ட ஃபில்டர் வழியாகவும் அந்தச் சிறிதளவு டீசல் வந்து சேர்ந்துவிடும். தண்ணீர் இறைக்கத் தொடங்கியதும் தேவை பல மடங்காகிறது. அப்போதுதான் ஒளிந்திருந்த குறை வெளிப்படுகிறது.

ஆகவே, சும்மா ஓட்டினால் நன்றாக ஓடுகிறது என்பதை வைத்து என்ஜின் நல்லது என்று முடிவு செய்யக் கூடாது. தண்ணீர் எடுத்தால் திணறுகிறது என்பதை வைத்து என்ஜின் கெட்டது என்றும் முடிவு செய்யக் கூடாது. திணறலுக்குக் காரணம் இரண்டு வகைதான். ஒன்று, என்ஜினின் சக்தி குறைந்திருக்க வேண்டும். அல்லது அதன்மேல் விழும் சுமை கூடியிருக்க வேண்டும். வண்டி மாடு நடுவழியில் படுத்துவிட்டால், மாட்டுக்கு நோயா, வண்டியில் பாரம் அதிகமா என்று இரண்டையும் பார்ப்பது போன்றதே இது.

கடலோரத்தில் வள்ளங்களில் பூட்டும் படகு மோட்டாருக்கும் இதே விதிதான். கரையில் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஓட்டினால் சீராக ஓடும் மோட்டார், ஆளும் வலையும் ஏற்றிக் கடலில் இறக்கியதும் திணறுவதுண்டு. எண்ணெய்த் தொட்டியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் திணறும். மோட்டாரின் திறனுக்கு மிஞ்சிய புரொப்பெல்லர் பூட்டியிருந்தாலும் திணறும். முன்னது மாட்டின் நோய். பின்னது வண்டியின் பாரம்.

முதல் கேள்வி: எது மாறியது?

போன பட்டத்தில் நன்றாக ஓடிய என்ஜின் இந்தப் பட்டத்தில் திணறினால், இடையில் எது மாறியது என்று முதலில் யோசிக்க வேண்டும். புல்லி மாற்றப்பட்டதா? வேறு பம்பு வாங்கிப் பூட்டப்பட்டதா? டெலிவரி குழாய் மாற்றப்பட்டதா? கிணற்றின் நீர்மட்டம் ஏறியிருக்கிறதா? கிளாண்டுக்குப் புதிய கயிறு திணிக்கப்பட்டதா? இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

புல்லிக் கணக்கு

மேலே சொன்ன நிலக்கடலை விவசாயியையே எடுத்துக்கொள்வோம். அவருடைய என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடக்கூடியது. என்ஜின் புல்லி 5 அங்குலம். பம்பு புல்லியும் 5 அங்குலம். சென்ற கோடையில் நீர்மட்டம் கீழே போய், வாய்க்காலுக்குத் தண்ணீர் குறைவாக வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்ன யோசனைப்படி என்ஜினில் 6 அங்குல புல்லியைப் பூட்டினார். தண்ணீர் கூடுதலாக வந்தது. அதோடு அந்த விஷயத்தை மறந்துவிட்டார்.

பம்பு எத்தனை சுற்று ஓடுகிறது என்பதை அறிய ஒரு சிறு கணக்கு போதும். என்ஜினின் சுற்றை என்ஜின் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, பம்பு புல்லியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். 1,500-ஐ 6-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 1,800. அதாவது, 1,500 சுற்று ஓடிய பம்பு இப்போது 1,800 சுற்று ஓடுகிறது.

வேகம் 1.2 மடங்குதான் கூடியது. ஆனால் சுமை 1.2 மடங்கோடு நிற்பதில்லை. பம்பின் வேகம் கூடினால் தண்ணீரின் அளவு அதே விகிதத்தில் கூடும். தண்ணீரைத் தள்ளும் உயரம் அந்த விகிதத்தை இருமுறை பெருக்கிய அளவுக்குக் கூடும். தேவைப்படும் சக்தியோ அதை மும்முறை பெருக்கிய அளவுக்குக் கூடும். 1.2-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.73 வருகிறது. முன்பு 3½ குதிரைத்திறன் கேட்ட பம்பு இப்போது 6 குதிரைத்திறன் கேட்கிறது. 5 குதிரைத்திறன் என்ஜின் எப்படித் திணறாமல் இருக்கும்?

கோடையில் திணறாத என்ஜின் மார்கழியில் திணறியது ஏன் என்ற கேள்வி எழலாம். கிணறு நிரம்பினால் என்ஜினுக்குச் சுமை குறையும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். சென்ட்ரிஃபியூகல் பம்பில் நடப்பது இதற்கு நேர்மாறானது. நீர்மட்டம் ஏறினால் தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம் குறைகிறது. உயரம் குறைந்தால் பம்பு அதிகத் தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீரின் அளவு கூடக்கூட அது இழுக்கும் சக்தியும் கூடுகிறது. கோடையில் ஆழத்திலிருந்து குறைந்த தண்ணீரை எடுத்தபோது 6 அங்குல புல்லியைத் தாங்கிய என்ஜின், நிறைந்த கிணற்றில் அதைத் தாங்கவில்லை. அவ்வளவுதான்.

இதற்குப் பரிகாரம் 5 அங்குல புல்லியைத் திரும்பப் பூட்டுவதே. உடனடியாகப் புல்லி கிடைக்காவிட்டால், டெலிவரி குழாயில் உள்ள கேட் வால்வைக் கரும்புகை நிற்கும் வரை சிறிது சிறிதாக மூடி ஓட்டலாம். இதில் டீசல் வீணாகும் என்பதால் தற்காலிகமாக மட்டுமே செய்ய வேண்டும். சக்‌ஷன் குழாயை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. பம்பின் சுற்று, அதன் பெயர்த் தகட்டில் குறித்துள்ள அளவுக்கு மிஞ்சக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பம்பைச் சோதித்தல்

புல்லிக் கணக்கு சரியாக இருந்தால் அடுத்துப் பம்பைப் பார்க்க வேண்டும். என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பம்பின் தண்டைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுழன்றால் நல்லது. இறுக்கமாகவோ, ஓரிடத்தில் உரசுவது போலவோ இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம், இம்பெல்லர் உரசலாம், உள்ளே மணலோ குப்பையோ சிக்கியிருக்கலாம்.

கிளாண்டுக் கயிற்றை அளவுக்கு மீறி இறுக்குவது பலரிடம் காணப்படும் தவறு. தண்ணீர் ஒரு சொட்டும் கசியக் கூடாது என்று முடுக்கிவிடுகிறார்கள். கயிறு தண்டைப் பிரேக் போலப் பிடித்துக்கொள்கிறது. தண்டு தேய்ந்து பள்ளம் விழுகிறது. பம்பு ஓடும்போது கிளாண்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். அந்தக் கசிவுதான் கயிற்றையும் தண்டையும் குளிர வைக்கிறது.

கேட் வால்வு உள்ளவர்கள் இன்னொரு சோதனையும் செய்யலாம். பம்பில் தண்ணீர் நிரப்பி, வால்வை முழுவதும் மூடி, என்ஜினை ஓட்ட வேண்டும். இந்த நிலையில்தான் பம்பின் சுமை மிகக் குறைவு. அப்போதும் என்ஜின் திணறினால், பம்பில் இறுக்கம் இருக்கிறது அல்லது என்ஜின் மிகவும் பலவீனமாக இருக்கிறது என்று பொருள். மூடிய வால்வுடன் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் சூடேறிப் பம்பு கெடும்.

புகை சொல்லும் சேதி

புல்லியிலும் பம்பிலும் குறை இல்லை என்று உறுதியான பிறகே என்ஜின் பக்கம் திரும்ப வேண்டும். வைத்தியர் நாடி பிடிப்பது போல, என்ஜினுக்குப் புகையைப் பார்க்க வேண்டும்.

கரும்புகை வந்தால், உள்ளே போகும் டீசலை முழுவதும் எரிக்கப் போதிய காற்று இல்லை என்று பொருள். சுமை அதிகமாக இருந்தாலும், ஏர் கிளீனர் அடைத்திருந்தாலும், நாசில் சரியாகத் தூவாவிட்டாலும் கரும்புகை வரும்.

நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கலாம்.

வெண்புகை வந்தால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் சிறிது நேரம் வருவது இயல்பு. சூடான பிறகும் நீடித்தால் கம்ப்ரஷன் குறைவாக இருக்கலாம் அல்லது டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

புகையே இல்லாமல் வேகம் மட்டும் இறங்கி, என்ஜின் நின்றுவிடுகிறதா? அப்படியானால் டீசல் போதிய அளவு வந்து சேரவில்லை. இதுதான் மிக எளிதில் சரி செய்யக்கூடிய குறை.

டீசல் வரும் வழி

முதலில் டீசல் டாங்கின் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். என்ஜின் தெளிந்துவிட்டால் மூடியில் உள்ள காற்றுத் துளை தூசியால் அடைபட்டிருக்கிறது. டீசல் வெளியேறும் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் டீசல் இறங்காது. ஒரு மெல்லிய கம்பியால் துளையைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது.

அடுத்து, என்ஜினை நிறுத்திவிட்டு டாங்கின் அடியில் தங்கியுள்ள தண்ணீரையும் மண்டியையும் வடித்துவிட வேண்டும். ஃபில்டர் அடைத்திருந்தால் உள்ளே இருக்கும் எலிமென்ட்டை மாற்ற வேண்டும். பழைய காகித எலிமென்ட்டைக் கழுவித் திரும்பப் போடுவது சிக்கனம் ஆகாது. அதன் வழியாகச் செல்லும் நுண்தூசி அதைவிட விலை அதிகமான டீசல் பம்பையும் நாசிலையும் தேய்த்துவிடும்.

ஃபில்டரைத் திறந்து மூடியதும் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரின் மேல் உள்ள காற்று நீக்கும் திருகைத் தளர்த்தினால் குமிழிகளுடன் டீசல் வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது திருகை இறுக்க வேண்டும். பிறகு டீசல் பம்பிலும் இவ்வாறே செய்ய வேண்டும். இணைப்புகளில் எங்கேனும் ஈரம் கசிந்தால் அந்த வழியாகக் காற்றும் புகும் என்பதை மறக்கக் கூடாது.

வாங்கி வந்த டீசலை ஓர் இரவு அசையாமல் வைத்திருந்து, அடியில் தங்கியதைக் கலக்காமல் மேலாக எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றுவது நல்ல பழக்கம்.

காற்று வரும் வழி

கரும்புகை வரும் என்ஜினில், தூசி பறக்காத நேரமாகப் பார்த்து, ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். புகை குறைந்து வேகம் ஏறினால் குறை ஏர் கிளீனரில்தான். ஆயில் ஊற்றும் வகையாக இருந்தால், அழுக்கு ஆயிலைக் கொட்டி, வலையை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, குறியிட்ட மட்டம் வரை புதிய ஆயில் ஊற்ற வேண்டும். களத்துமேட்டுக்கு அருகில் ஓடும் என்ஜினில் இதை அடிக்கடி செய்ய வேண்டும். ஏர் கிளீனர் இல்லாமல் என்ஜினைத் தொடர்ந்து ஓட்டுவது லைனருக்குள் மணலைத் தூவுவதற்குச் சமம்.

புகை வெளியேறும் சைலன்சரில் கரி படிந்து அடைத்திருந்தாலும் இதே திணறல் ஏற்படும். அதையும் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கம்ப்ரஷனும் நாசிலும்

டீசலும் காற்றும் தடையின்றி வந்தும் திணறல் நீடித்தால் கம்ப்ரஷனைப் பார்க்க வேண்டும். டீசலை அடைத்து வைத்து, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்காமல் ஹேண்டிலை மெதுவாகச் சுற்ற வேண்டும். நல்ல என்ஜின் ஓரிடத்தில் கையை எதிர்த்துத் தள்ளும். எதிர்ப்பில்லாமல் சுற்றினால் வால்வு சரியாக உட்காரவில்லை, ரிங் தேய்ந்திருக்கிறது அல்லது ஹெட் கேஸ்கட் ஊதுகிறது என்று அறியலாம். டேப்பட் இடைவெளியை என்ஜினுடன் வந்த கையேட்டில் கண்டபடி வைத்தாலே சில சமயம் குறை நீங்கிவிடும்.

நாசிலைச் சோதிப்பது விவசாயியின் வேலை அல்ல. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ அழுத்தத்தில் டீசல் அதிலிருந்து பீய்ச்சி வருகிறது. அதன் முன்னால் விரலை வைத்தால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். விரலையே எடுக்க நேரலாம். உரிய கருவி உள்ள கடையில் கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும்.

சக்தி போதவில்லை என்று கவர்னர் ஸ்பிரிங்கை முறுக்குவதும், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் திருகைத் திறந்துவிடுவதும் கூடாது. அதனால் புகை பெருகும், டீசல் வீணாகும், என்ஜின் ஆயுள் குறையும்.

என்ஜின் நன்றாக ஓடியும் தண்ணீர் வராவிட்டால்

என்ஜின் திணறாமல், வழக்கத்தைவிட லேசாக ஓடி, தண்ணீர் மட்டும் குறைந்தால் குறை சக்‌ஷன் பக்கம் இருக்கிறது. ஃபுட் வால்வு நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது 2 அடி மூழ்கியிருக்க வேண்டும். பம்புக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள உயரம் 20 அடிக்கு மிகாமல் இருப்பது நல்லது. பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பி வைத்து, சக்‌ஷன் குழாயின் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். எங்கே சொட்டுகிறதோ, அங்கேதான் ஓடும்போது காற்று புகுகிறது. பெல்ட் வழுக்கினாலும் தண்ணீர் குறையும். புல்லியைத் தொட்டால் சுடுவதும் ரப்பர் கருகும் வாடையும் இதைக் காட்டிக் கொடுக்கும். என்ஜினை நிறுத்திய பிறகே தொட வேண்டும்.

உயிருக்கு எச்சரிக்கை

ஓடும் என்ஜினில் பெல்ட்டை மாட்டவோ கழற்றவோ கூடாது. வேட்டி, துண்டு, சேலைத் தலைப்பு ஆகியவை பெல்ட்டில் சிக்கி உயிரைப் பறித்துவிடும். கிணற்றுக்குள் இறக்கி வைத்த என்ஜினின் புகைக்குழாயைக் கிணற்றுக்கு வெளியே கொண்டுவர வேண்டும். புகையில் உள்ள நச்சுக் காற்றுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. புகை தங்கிய கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழுந்தால், காப்பாற்றப் பின்னால் இறங்குபவரும் மடிவார். தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் கொடுப்பதே சரியான வழி.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

நிலக்கடலை விவசாயி பழைய 5 அங்குல புல்லியைத் தேடி எடுத்துப் பூட்டினால் அன்று மாலையே வாய்க்காலில் தண்ணீர் ஓடும். விழுது இறங்கும் பருவம் தப்பாது. ரிங் மாற்றச் செலவிட்ட பணம் மட்டும் திரும்பி வராது.

இந்த நஷ்டம் வராமலிருக்க, பம்புசெட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு புல்லிகளின் விட்டம், பெயர்த் தகடுகளில் உள்ள சுற்று, ஆயில் மாற்றிய நாள், ஃபில்டர் மாற்றிய நாள் ஆகியவற்றைக் குறித்து வர வேண்டும். மாதம் ஒருமுறை டாங்கைக் குறி வரை நிரப்பி, சரியாக ஒரு மணி நேரம் தண்ணீர் இறைத்து, மீண்டும் அதே குறி வரை நிரப்ப எவ்வளவு டீசல் ஆகிறது என்று அளந்து எழுத வேண்டும். 5 குதிரைத்திறன் என்ஜின் முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் டீசல் குடிக்கும். அந்த அளவு திடீரென்று ஏறினால், என்ஜின் திணறத் தொடங்கும் முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடும்.

குறை வந்தால் பார்க்க வேண்டிய வரிசை இதுதான்: முதலில் எது மாறியது என்ற கேள்வி, பிறகு புல்லி, பம்பு, புகை, டீசல், காற்று, கடைசியில் கம்ப்ரஷனும் நாசிலும். இத்தனையும் பார்த்த பிறகும் குறை தீராவிட்டால் மட்டுமே என்ஜினைப் பிரிக்க வேண்டும். பம்புக்கு ஏற்ற என்ஜின், புல்லி ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பதில் ஐயம் உள்ள விவசாயிகள், தங்கள் பகுதியில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகி ஆலோசனை பெறலாம். போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்வது நல்லது.